வேலியில்லாத மணல்தொட்டி

ஆம்ஸ்டர்டாமின் தெற்குப் பகுதியில் பெர்ட்டெல்மன்பிளைன் என்று ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. 1947ல் நகராட்சி அங்கே பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டிடம் அமைத்தது. என்னென்ன வைத்தார்கள் என்று கேட்டால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அகலமான கான்கிரீட் விளிம்புள்ள ஒரு மணல்தொட்டி, அதற்குள் வட்டமாக நாலு கல், குட்டிக்கரணம் போட மூன்று கம்பிகள், சுற்றிலும் மரங்கள், ஐந்து பெஞ்சுகள். அவ்வளவுதான். ஊஞ்சல் இல்லை, சறுக்குமரம் இல்லை. முக்கியமா, வேலி இல்லை.

வேலி இல்லை என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். அதற்கு முன் அந்த ஊரின் விளையாட்டிடங்கள் பெரும்பாலும் சங்கங்கள் கையில் இருந்தன. சுற்றி வேலி, வாசலில் கதவு, மேற்பார்வைக்கு ஆள். உறுப்பினர் வீட்டுப் பிள்ளை உள்ளே போகலாம். மற்றதுகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். தெருவில் போகிற யாரும் உட்காரலாம், எந்தக் குழந்தையும் இறங்கலாம் என்கிற ஏற்பாடு பெர்ட்டெல்மன்பிளைனில்தான் நகராட்சிக் கொள்கையாகத் தொடங்கியது.

வரைந்தவர் ஆல்டோ வான் ஐக். வயது 29. போர்க்காலத்தை சூரிச்சில் கழித்துவிட்டு 1946ல் நகராட்சியின் பொதுப்பணித் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். நகரத் திட்டப் பிரிவுக்குத் தலைவர் கொர்னேலிஸ் வான் ஈஸ்டரன். அங்கே யாகோபா முல்டர் என்ற பொறியாளரும் இருந்தார். கட்டடக்கலை வரலாறுகளில் வான் ஐக்குக்கு அத்தியாயம் கிடைக்கும், முல்டருக்கு அடிக்குறிப்புதான். இத்தனைக்கும் ஆம்ஸ்டர்டாம் காடு என்கிற மாபெரும் பூங்காவின் திட்டத்தில் உழைத்தவர் அவர். 1930களின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மண்வெட்டி பிடித்து உண்டாக்கிய காடு அது. அவ்வளவு பெரிய பூங்காவைப் பார்த்தவருக்கு, வீட்டு வாசலில் ஒரு மூலை மணலும் அதே அளவு தேவைன்னு தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போகலாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளை எங்கே போகும்?

முதல் விளையாட்டிடம் வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி. பக்கத்துத் தெருக்காரர்கள் நகராட்சிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். எங்க தெருவிலும் ஒரு காலியிடம் சும்மா கிடக்கிறது, எங்களுக்கும் ஒன்று போட்டுத்தாருங்கள் என்று. கடிதம் வந்ததும் துறை இடத்தைப் பார்க்கும், வான் ஐக் அந்த இடத்தின் கோணல்மாணலுக்கு ஏற்ப வரைவார், கொஞ்ச நாளில் மணல் வந்து இறங்கும். நகரம் முழுக்க ஒரே பெரிய திட்டம் என்று ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. ஒவ்வொரு கடிதமாக, ஒவ்வொரு மூலையாகப் பரவியது. 1978 வரைக்குமான முப்பது வருடத்தில் எழுநூறுக்கும் மேலே!

சரி, ஊருக்கு நடுவில் இவ்வளவு காலியிடம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை கனக்கிறது. போருக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் ஏறக்குறைய 80,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். நெதர்லாந்து யூதர்களில் நான்கில் மூன்று பங்குப் பேரை நாஜிகள் கொன்றார்கள். நியூமார்க்ட்டைச் சுற்றிய பழைய யூதக் குடியிருப்பில் தெருத்தெருவாக வீடுகள் ஆளில்லாமல் நின்றன. பிறகு 1944-45ன் பசிக்குளிர்காலம். சாப்பாடும் இல்லை, விறகும் இல்லை. இருபதாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். உயிரோடு இருந்தவர்கள் அந்தக் காலி வீடுகளின் கதவு, படிக்கட்டு, உத்தரம் என்று கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் பெயர்த்து அடுப்பெரித்தார்கள். உத்தரம் போனால் சுவர் நிற்குமா? வீடுகள் சரிந்தன, மிச்சம் இடிக்கப்பட்டன. வரிசைக்கு நடுவே பல் விழுந்த மாதிரி ஓட்டைகள்.

அந்த ஓட்டைகளில் ஒன்றுதான் டைக்ஸ்டிராட். இரண்டு கட்டடங்களின் மொட்டைச் சுவர்களுக்கு நடுவில் ஒரு ஒடுக்கமான மனை. 1954ல் வான் ஐக் அதில் ஒரு விளையாட்டிடம் செய்தார். அந்தப் பழைய புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைகள் ஆடும் இடத்துக்கு மேலே ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் சமையலறை இருந்திருக்கும். இப்படிப்பட்ட மனைகளை நினைவிடமாக விட்டிருக்க வேண்டும் என்று வாதிடலாம். ஆனால் அன்றைக்கு எதிரில் இருந்த மாற்று நினைவிடம் கிடையாது. குப்பைமேடுதான், இல்லையென்றால் வண்டி நிறுத்துமிடம். போர் முடிந்து பிறந்த குழந்தைகளின் பெருங்கூட்டம் தெருவில் நின்றது, கார்களும் வர ஆரம்பித்திருந்தன. இறந்தவர்களின் மனையை வண்டிக்குக் கொடுப்பதைவிடக் குழந்தைக்குக் கொடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அந்தச் சங்கடமும் கூடவே இருக்கட்டும்.

வான் ஐக்கின் பொருட்கள் ஏன் இவ்வளவு மொட்டையாக இருந்தன? பணத்தட்டுப்பாடு ஒரு காரணம். மற்றது அவருடைய பிடிவாதம். யானை, முதலை மாதிரி உருவங்கள் செய்ய அவருக்கு இஷ்டமில்லை. யானை செய்து வைத்தால் அது யானை மட்டும்தான். வெறும் வளைவுக் கம்பி என்றால் இன்றைக்குக் குகை, நாளைக்குக் கப்பல், பெரியவர்களுக்குச் சாய்ந்து பேசவும் ஆகும். ஊஞ்சல் பிள்ளையை ஆட்டுகிறது. கல்லிலிருந்து கல்லுக்கு பிள்ளையே தாவ வேண்டும், எவ்வளவு தூரம் முடியும்ன்னு தானே கணக்குப் போட வேண்டும். பனி பெய்த அன்று குழந்தைகள் நகரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள், பனியைவிட நிலைத்த ஒன்றை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற பொருளில் அவர் எழுதியும் இருக்கிறார்.

நிலைக்கவில்லை. பல மனைகள் தற்காலிகமாகக் கிடைத்தவைதான். வீட்டுப் பஞ்சம் இருந்த ஊரில் அங்கே வீடு எழும்பியதைக் குறை சொல்ல முடியாது. சில இடங்களை வண்டிகள் பிடித்துக்கொண்டன. 1990களின் கடைசியில் புதிய பாதுகாப்பு விதிகள் வந்தபோது கான்கிரீட் விளிம்பும் கடினத் தரையும் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தன. ரப்பர் தரை வந்தது, வண்ணப் பிளாஸ்டிக் வந்தது, வேலியும் திரும்பி வந்தது. முட்டி சிராய்ப்பு குறைந்திருக்கலாம், சரி. தெருவில் போகிற கிழவர் மணல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதும் அதோடு போயிற்று.

இன்றைக்கு முழுசாக மிஞ்சியவை சொற்பம். ஏறும் கம்பிகளில் சில ரைக்ஸ்மியூசியத்தின் தோட்டத்தில் இருக்கின்றன. தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது. ரெம்பிராண்டைப் பார்க்க அப்பா அம்மா உள்ளே வரிசையில் நிற்க, வெளியே பிள்ளைகள் அந்தக் கம்பியில் தலைகீழாகத் தொங்கலாம்.