லினக்ஸில் படிக்க மட்டுமான இயங்குதளப் பிரிவு

லினக்ஸ் கணினியில் இயங்குதளத்தின் நிரல்களையும் நூலகங்களையும் வட்டின் ஒரு தனிப் பிரிவில் வைத்து, கணினி ஓடும்போது எந்த நிரலும் அதில் எழுத முடியாதபடி பூட்டி, அந்தப் பிரிவிலிருந்தே கணினியைத் தொடங்கச் செய்யும் அமைப்பு படிக்க மட்டுமான இயங்குதளப் பிரிவு எனப்படுகிறது. வீட்டு இணைய ரூட்டர்கள், ஆண்ட்ராய்டு கைபேசிகள், குரோம்புக் மடிக்கணினிகள், 2022இல் வெளிவந்த ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவி ஆகியவை இவ்வமைப்பைக் கொண்டவை. மேசைக் கணினிகளில் ஃபெடோரா சில்வர்புளூ போன்ற வெளியீடுகள் இதே கொள்கையைப் பின்பற்றுகின்றன. இயங்குதளத்தைத் தருபவர் எழுதியது எது, கணினி தன் வாழ்நாளில் எழுதிக்கொண்டது எது என்ற கேள்விக்கு வட்டைப் பார்த்த மாத்திரத்தில் விடை கிடைப்பதே இவ்வமைப்பின் தலையாய பயன். மின்தடையைத் தாங்கும் திறன், பாதுகாப்பு, எளிய புதுப்பிப்பு ஆகிய மற்றவை அதிலிருந்தே பிறக்கின்றன.

பின்னணி

யுனிக்ஸ் மரபில் வட்டுப் பிரிவுகள் தனித்தனி எழுத்துகளால் அழைக்கப்படுவதில்லை. எல்லாக் கோப்புகளும் வேர் என்னும் ஒரே புள்ளியிலிருந்து கிளைக்கும் மரமாகத் தோன்றும். ஒரு பிரிவிலுள்ள கோப்பு முறைமையை இம்மரத்தின் ஒரு கிளையில் இணைப்பதற்குப் பொருத்துதல் என்று பெயர்; கணினியாளர்கள் பேச்சில் இது மவுண்ட் செய்வது. மரத்தின் முக்கியக் கிளைகளுள் யூஎஸ்ஆர் அடைவில் நிரல்களும் நூலகங்களும், ஈடிசி அடைவில் அமைப்புக் கோப்புகளும், வார் அடைவில் பதிவேடுகள், வரிசைகள், தரவுத்தளங்கள் முதலிய மாறும் தரவுகளும், ஹோம் அடைவில் பயனரின் சொந்தக் கோப்புகளும் இருக்கும்.

யூஎஸ்ஆர் என்ற பெயர் பயனர் என்பதைக் குறிக்க வந்தது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் பிடிபி-11 கணினியில் பயனர்களின் கோப்புகள் இரண்டாம் வட்டில் யூஎஸ்ஆர் என்ற பெயரில் இருந்தன. முதல் வட்டில் இடம் போதாமல் போனபோது இயங்குதளத்தின் நிரல்களும் அங்கே வழிந்து குடியேறின. பிற்காலத்தில் பயனர்கள் வெளியேறிவிட, நிரல்கள் அங்கேயே தங்கிவிட்டன. 1980களில் சன் நிறுவனத்தின் வட்டில்லாப் பணிநிலையங்கள் ஒரே யூஎஸ்ஆர் அடைவை வலையமைப்பு வழியே பகிர்ந்துகொண்டன. ஒன்றைப் பலர் பகிரும்போது அதில் எவரும் எழுதக்கூடாது என்பது இயல்பாகவே விதியாயிற்று. லினக்ஸுக்கென 1994இல் முதன்முதலாக வெளிவந்து, பின்னர் கோப்பு முறைமைப் படிநிலைத் தரம் எனப் பெயர் பெற்ற ஆவணமும் யூஎஸ்ஆரைப் பகிரத்தக்க, படிக்க மட்டுமான தரவு என்றே வரையறுக்கிறது. வார் அடைவை ஏற்படுத்தியதன் நோக்கமே யூஎஸ்ஆரைப் படிக்க மட்டுமானதாகப் பொருத்த வழிசெய்வதுதான் என்றும் அது வெளிப்படையாகச் சொல்கிறது.

தொடங்கும் வரிசை

மின்சாரம் வந்தவுடன் கணினியின் நிலைபொருள், இன்றைய கணினிகளில் பெரும்பாலும் யூஈஎஃப்ஐ, வட்டிலுள்ள சிறியதொரு ஃபேட் பிரிவிலிருந்து பூட்லோடரை எடுத்து ஓட்டுகிறது. பூட்லோடர் இயங்குதளத்தின் மையமான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் சுருக்கப்பட்ட கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றி, வேர்ப் பிரிவு எது என்பதைச் சொல்லும் கட்டளை வரியையும் கெர்னலிடம் கொடுத்துவிட்டு விலகுகிறது. இனிட்ராம்எஃப்எஸ் நினைவகத்திலேயே விரியும் தற்காலிக வேர். உண்மையான வேரைக் கண்டுபிடிக்கத் தேவையான இயக்கிகளும் சிறு நிரல்களும் அதில் இருக்கும். அது தன் வேலையை முடித்ததும் வேர்மாற்று நிரல் தற்காலிக வேரின் கோப்புகளையெல்லாம் அழித்து நினைவகத்தை விடுவித்து, உண்மையான வேரை அவ்விடத்துக்கு நகர்த்தி, அதிலுள்ள முதல் செயல்முறையான இனிட்டைத் தொடங்குகிறது.

கட்டளை வரியில், வேரைப் படிக்க மட்டுமாகப் பொருத்தச் சொல்லும் ஆர்ஓ என்ற இரண்டெழுத்துச் சொல் நெடுங்காலமாகவே வழக்கில் உள்ளது. ஆனால் இதைக் கண்டு வேர் எப்போதும் பூட்டப்பட்டிருக்கும் என்று கொள்வது பிழை. வட்டைப் பழுதுபார்க்கும் நிரல் பாதுகாப்பாக ஓடுவதற்காகத் தொடக்கத்தில் மட்டும் வேரைப் படிக்க மட்டுமானதாகப் பொருத்தி, சோதனை முடிந்தபின் எழுதத்தக்கதாக மீண்டும் பொருத்துவதே பழைய வழக்கம். இக்கட்டுரை பேசும் அமைப்பில் அந்த இரண்டாம் படி இல்லை.

யூஎஸ்ஆர் மட்டும் தனிப் பிரிவில் இருக்கும்போது அதை யார், எப்போது பொருத்துவது என்பதுதான் தொடக்கத்தின் கடினமான இடம். பழைய முறையில் வேரிலிருந்து தொடங்கிய இனிட், எஃப்எஸ்டாப் என்ற பட்டியலைப் பார்த்துச் சற்றுப் பின்னர் யூஎஸ்ஆரைப் பொருத்தும். அதுவரை தேவைப்படும் நிரல்கள் வேரிலுள்ள பின், லிப் அடைவுகளில் இருக்க வேண்டும். வன்பொருள்களைக் கண்டறியும் விதிகள் சிக்கலாகிக்கொண்டே போனபோது, அவை அழைக்கும் நிரல்களுள் சில இன்னும் பொருத்தப்படாத யூஎஸ்ஆரில் இருந்ததால், கணினி தொடங்கிவிடும், ஆனால் ஏதோ ஒரு சாதனம் மட்டும் காரணமின்றி வேலை செய்யாது. இத்தகைய மௌனமான தோல்வி, அடியோடு நின்றுபோவதைவிடக் கொடியது.

2012இல் வெளிவந்த ஃபெடோரா 17 இதற்கு முடிவு கட்டியது. வேரிலிருந்த பின், எஸ்பின், லிப் அடைவுகளின் உள்ளடக்கம் முழுவதும் யூஎஸ்ஆருக்குள் சென்றது. பழைய இடங்களில் அங்கே சுட்டும் இணைப்புகள் மட்டும் எஞ்சின. டெபியனும் 2023இல் வந்த 12ஆம் வெளியீட்டில் இவ்வமைப்பை மட்டுமே ஏற்றது. இதன் விளைவைக் கூர்ந்து பார்த்தால், எஸ்பின் அடைவிலுள்ள இனிட் என்பது யூஎஸ்ஆருக்குள் இருக்கும் சிஸ்டம்டி நிரலைச் சுட்டும் இணைப்பு. ஒவ்வொரு நிரலையும் அதன் நூலகங்களோடு சேர்த்து ஓட்டும் இணைப்பேற்றியும் அங்கேதான் உள்ளது. யூஎஸ்ஆர் பொருத்தப்படாமல் வேருக்கு மாறினால் இனிட் என்ற பெயர் வெறுமையைச் சுட்டும். ஓடுவதற்கு ஒரு நிரல்கூட இருக்காது. ஆகவே யூஎஸ்ஆரைப் பொருத்தும் பொறுப்பு முழுவதும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைச் சேர்ந்ததாகிவிட்டது. அதற்கான விவரத்தைக் கெர்னல் கட்டளை வரியிலோ எஃப்எஸ்டாப் பட்டியலிலோ தரலாம். பிரிவு அட்டவணையில் ஒவ்வொரு வகைப் பிரிவுக்கும் உள்ள அடையாள எண்ணைக் கொண்டு சிஸ்டம்டி தானே கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. பழைய தோல்விகள் மௌனமாக நேர்ந்தன. இங்கே நேரும் தோல்வி உடனே திரையில் தெரியும் என்பதே இம்மாற்றத்தை நியாயப்படுத்தப் போதுமானது.

எழுத இடம் தேடும் கோப்புகள்

பூட்டிய பிரிவில் எழுத முயலும் நிரலுக்குக் கெர்னல் 30 என்ற எண்ணுள்ள பிழையைத் திருப்புகிறது. அது படிக்க மட்டுமான கோப்பு முறைமை என்பதே அப்பிழையின் பொருள். எனவே எழுதத்தான் வேண்டும் என்னும் ஒவ்வொரு கோப்புக்கும் வேறோர் இடம் காட்டியாக வேண்டும். மறுதொடக்கத்தில் அழிந்துபோகலாம் என்றால் நினைவகத்திலுள்ள ரன் அடைவும், நிலைக்க வேண்டும் என்றால் தனிப் பிரிவிலுள்ள வார் அடைவும் போதும். தொல்லை தருவது ஈடிசி அடைவு. கடவுச்சொற்கள், கணினியின் பெயர், ஒவ்வொரு கணினிக்கும் தனித்த அடையாள எண் ஆகியவை அங்கே இருப்பதால் அதில் எழுதியாக வேண்டும். இயங்குதளம் தந்த இயல்பு அமைப்புகளும் அங்கேயே கலந்து கிடப்பதால் அதை முழுவதும் கணினியின் சொத்து என்றும் சொல்லிவிட முடியாது.

இதற்கு இருவகைத் தீர்வுகள் உள்ளன. வேரையும் சேர்த்துப் பூட்டிவிட்டு அதன்மேல் எழுதத்தக்க மெல்லிய அடுக்கைப் பரப்புவது ஒன்று. 2014இன் இறுதியில் வந்த 3.18ஆம் கெர்னலில் சேர்ந்த ஓவர்லேஎஃப்எஸ் இதைச் செய்கிறது. கீழே பூட்டிய அடுக்கு, மேலே எழுதும் அடுக்கு, இரண்டும் இணைந்து தெரியும் தோற்றம் என்பது அதன் அமைப்பு. கீழடுக்கின் கோப்பொன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அக்கோப்பு முழுவதும் மேலடுக்குக்கு நகலாகும். நீக்கினால், மேலடுக்கில் வைக்கப்படும் ஓர் அடையாளம் அதை மறைக்குமே தவிரக் கீழே அது அப்படியே இருக்கும்.

ரூட்டர்களில் ஓடும் ஓப்பன்டபிள்யூஆர்டி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சில மெகாபைட் அளவே உள்ள ஃபிளாஷ் சில்லில் இயங்குதளம் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட, எழுதவே வழியில்லாத வடிவில் அமர்ந்திருக்கும். எஞ்சிய இடத்தில் எழுதும் அடுக்கு உருவாகும். உரிமையாளர் மாற்றிய வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மேலடுக்கில் மட்டுமே பதிவதால், தவறான அமைப்பால் ரூட்டரை அணுகவே முடியாமல் போனாலும், தொடங்கும் நேரத்தில் பொத்தானை அழுத்திக் கீழடுக்கை மட்டும் கொண்டு எழுப்பலாம். மேலடுக்கைத் துடைத்தால் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை திரும்பிவிடும். இதற்கு ஒரு விலையும் உண்டு. கீழடுக்கிலுள்ள ஒரு தொகுப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றினால் பழையது மறைந்தே இருக்கும், புதியது மேலே இடம் பிடிக்கும். சிறிய சில்லில் இரட்டைச் செலவு விரைவிலேயே உறைக்கும்.

யூஎஸ்ஆரை மட்டும் பூட்டி, வேரை எழுதத்தக்கதாக விடுவது மற்றொரு தீர்வு. இயல்பு அமைப்புகள் அனைத்தையும் யூஎஸ்ஆருக்குள் வைத்து, ஈடிசியில் இல்லாதவற்றைத் தொடக்கத்திலேயே அங்கிருந்து உருவாக்கிக்கொள்ளும் வசதி சிஸ்டம்டியில் உண்டு. இவ்வழியில் வேரையே நினைவகத்தில் வெறுமையாகத் தொடங்கி, யூஎஸ்ஆரை மட்டும் வட்டிலிருந்து பொருத்தி, ஒவ்வொரு முறையும் புத்தம்புதிதாகக் கணினியை எழுப்பவும் முடியும். ஓவர்லே எங்கும் உடனே வேலை செய்யும் என்றாலும் எந்த நிரல் எங்கே எழுதுகிறது என்பதை அது மூடி மறைக்கிறது; யூஎஸ்ஆரை மட்டும் பிரிப்பது தொடக்கத்தில் அதிக உழைப்பைக் கேட்டாலும் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் யார் என்ற கணக்கை நேராக்குகிறது. புதிதாகக் கட்டப்படும் அமைப்புக்கு இரண்டாவதே தகுந்தது.

பூட்டும் முத்திரையும்

படிக்க மட்டுமாகப் பொருத்துவது தவறுதலான எழுத்தைத் தடுக்கும். நிர்வாகி உரிமை பெற்ற ஊடுருவியைத் தடுக்காது, ஏனெனில் எழுதத்தக்கதாக மீண்டும் பொருத்த ஒரே கட்டளை போதும். அதைவிட வியப்பானது, எக்ஸ்டி4 கோப்பு முறைமை படிக்க மட்டுமாகப் பொருத்தப்படும்போதும் வட்டில் எழுதக்கூடும் என்பதாகும். முந்தைய ஓட்டம் திடீரென நின்றிருந்தால், அதன் குறிப்பேட்டில் முடிவுறாமல் நிற்கும் மாற்றங்களைப் பொருத்தும் நேரத்தில் அது நிறைவேற்றிவிடும். இதைத் தவிர்க்கத் தனி விருப்பக் குறி தர வேண்டும். இதனால்தான் இப்பணிக்கு ஸ்குவாஷ்எஃப்எஸ், அல்லது ஹூவாவே நிறுவனத்தில் தோன்றி 2019இல் 5.4ஆம் கெர்னலில் முழுத் தகுதி பெற்ற ஈரோஃப்ஸ் போன்ற, எழுதும் திறனே இல்லாத வடிவங்கள் விரும்பப்படுகின்றன.

மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் முத்திரையாக அமைவது டிஎம்-வெரிட்டி. குரோம் ஓஎஸ்ஸுக்காக எழுதப்பட்டு 2012இல் 3.4ஆம் கெர்னலில் சேர்ந்த இது, பிரிவை 4,096 பைட் கட்டங்களாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் 32 பைட் நீளமுள்ள ஹாஷ் எண்ணைக் கணிக்கிறது. ஹாஷ் என்பது உள்ளடக்கத்தில் ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் மாறிவிடும் கைரேகை. ஒரு கட்டத்தில் 128 ஹாஷ்கள் அடங்கும். ஒரு ஜிகாபைட் பிரிவில் உள்ள 2,62,144 கட்டங்களின் ஹாஷ்கள் 2,048 கட்டங்களில் அடங்க, அவற்றின் ஹாஷ்கள் 16 கட்டங்களிலும், அவற்றின் ஹாஷ்கள் ஒரே கட்டத்திலும் அடங்கும். அந்த உச்சிக் கட்டத்தின் ஹாஷ் வேர் ஹாஷ் எனப்படும். ஏறத்தாழ 8 மெகாபைட் அளவுள்ள இந்த மரத்தால் முழுப் பிரிவுக்கும் 32 பைட்டில் பொறுப்பேற்க முடிகிறது. முழுப் பிரிவையும் தொடக்கத்திலேயே சோதிக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டம் படிக்கப்படுகிறதோ அதன் கிளை மட்டும் உச்சிவரை சரிபார்க்கப்படுகிறது, பொருந்தாவிட்டால் படிப்பவருக்குத் தரவுக்குப் பதில் பிழையே கிடைக்கும்.

அந்த 32 பைட்டை நம்பத்தக்க இடத்தில் வைப்பதில்தான் இதன் வலிமை உள்ளது. குரோம்புக்கில் அது கெர்னலின் கட்டளை வரியில் இருக்கிறது. கட்டளை வரி கெர்னலோடு சேர்த்துக் கையொப்பமிடப்படுகிறது. கையொப்பத்தை நிலைபொருள் சரிபார்க்கிறது. சிஸ்டம்டியின் முறையில் வேர் ஹாஷின் முதல் 128 பிட்டுகள் தரவுப் பிரிவின் அடையாள எண்ணாகவும் கடைசி 128 பிட்டுகள் மரம் இருக்கும் பிரிவின் அடையாள எண்ணாகவும் அமைவதால், ஹாஷ் ஒன்றைத் தந்தாலே எந்தப் பிரிவுகளைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. எனினும் ஈடிசியும் வாரும் இந்த முத்திரைக்கு வெளியே இருப்பதால், ஊடுருவி அங்கே ஒரு சேவைக் கோப்பை எழுதி வைத்தால் யூஎஸ்ஆரின் தூய்மை அதைத் தடுக்காது.

புதுப்பித்தல்

பூட்டிய பிரிவில் கோப்பு கோப்பாகத் தொகுப்புகளை மாற்ற இயலாது. டெபியனில் நிறுவலுக்கு முன் யூஎஸ்ஆரைத் திறந்து பின் மூடும்படி தொகுப்புகளை நிறுவும் நிரலான ஏப்டியை அமைக்கலாம். ஆனால் நீக்கப்பட்ட பழைய நூலகத்தை ஏதேனும் ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருந்தால், பிரிவு பயன்பாட்டில் உள்ளது என்று கெர்னல் மூட மறுக்கும்.

முழுப் பிரிவையும் ஒரே வீச்சில் மாற்றுவதே இவ்வமைப்புக்கு இயல்பான வழி. ஏ, பி என இரு பிரிவுகளை வைத்து, ஒன்றில் கணினி ஓடும்போது மற்றொன்றில் புதிய பதிப்பு எழுதப்படுகிறது. குரோம் ஓஎஸ் தொடங்கியதிலிருந்தும் ஆண்ட்ராய்டு 2016இன் 7.0 பதிப்பிலிருந்தும் இம்முறையைக் கையாள்கின்றன. குரோம்புக்கின் பிரிவு அட்டவணையில் ஒவ்வொரு கெர்னல் பிரிவுக்கும் முன்னுரிமை, எஞ்சிய முயற்சிகள், வெற்றி என்ற மூன்று குறிப்புகள் இருக்கும். சிஸ்டம்டியின் பூட்லோடரோ கோப்புப் பெயரிலேயே எண்ணிக்கையை வைக்கிறது: பெயரின் வாலில் கூட்டல் 3 என்று வந்த பதிவு ஒரு முயற்சிக்குப்பின் கூட்டல் 2, கழித்தல் 1 என்று மாறும், கணினி நலமாக எழுந்தால் அந்த வாலே நீக்கப்படும், எழாமல் முயற்சிகள் தீர்ந்தால் பூட்லோடர் பழைய பதிப்புக்குத் திரும்பும். புதுப்பிப்பின் நடுவில் மின்சாரம் நின்றாலும் ஓடிக்கொண்டிருந்த பிரிவில் ஒரு பைட்கூடத் தொடப்பட்டிருக்காது. மின்சாரம் வந்ததும் கணினி அதிலிருந்தே மீண்டும் எழும்.