மேற்கோள் எண்ணிக்கையும் சம்புநாத் டேயின் காலரா ஆய்வும்

மருத்துவ ஆய்வாளரின் தகுதியை மேற்கோள்களின் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம், யூஜீன் கார்ஃபீல்டு 1964இல் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணைக்குப் பின்னரே வலுப்பெற்றது. அவ்வளவுகோல் எத்துணைக் காலந்தாழ்த்திப் பேசும் என்பதற்குக் கல்கத்தா நோயியலாளர் சம்புநாத் டே (1915–1985) சான்றாவார்.

காலராக் கிருமியின் உடல் சிதைவதால் வெளிப்படும் நச்சே நோய்க்குக் காரணம் என்னும் கருத்து அன்று மேலோங்கியிருந்தது. டே, முயலின் சிறுகுடற் பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். குடல் நீரால் புடைத்தது. 1953இல் வெளியான இம்முறை மிக எளியது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாதது. கிருமிகளை அறவே நீக்கிய வளர்ப்புநீரும் அதே விளைவைத் தருவதை 1959இல் ‘நேச்சர்’ இதழில் நிறுவினார். நச்சு, கிருமி வெளியே சுரப்பது என்பது இதனால் தெளிவாயிற்று.

கட்டுரை தொடக்கத்தில் பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1969இல் ஃபின்கெல்ஸ்டீனும் லோஸ்பலூட்டோவும் அந்நச்சைத் தூய்மைப்படுத்திய பின்னரே ஆய்வுகள் பெருகின. அதன் ‘பி’ கூறு பின்னர் வாய்வழித் தடுப்பு மருந்திலும் இடம்பெற்று, நோயெதிர்ப்பியலின் கருவியாகவும் ஆயிற்று. கண்டுபிடிப்பு பொதுவறிவாகிவிட்டால் முதற்கட்டுரை மேற்கோளிலிருந்து மறையும் என்று இராபர்ட் மெர்ட்டன் விளக்கியது இங்கும் பொருந்தும் எனலாம். எண்ணிக்கையை மட்டும் நோக்கும் தேர்வுக் குழுக்கள் இதனைக் கருதுவதாகத் தெரியவில்லை.

1978இல் நோபல் கருத்தரங்கு டேயை அழைத்தது. இந்திய அறிவியற் கழகங்கள் எவையும் அவர் வாழ்நாளில் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. கார்ஃபீல்டு அவரது மேற்கோள் வரலாற்றை எழுதியது 1986இல். டே மறைந்து ஓராண்டாகியிருந்தது.