திரும்பத் திரும்ப வரும் நோய்: நாய்களின் நீர்க்கடுப்புக்கு ஒரு வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்பச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன மாதம் ரேபிஸ் தடுப்பூசியின் கதையைப் பேசினோம். அதற்கு வந்த மடல்களில் பாதிக்கு மேல் ரேபிஸைப் பற்றியே இல்லை. "எங்க நாய்க்கு மறுபடியும் மறுபடியும் யூரின் இன்ஃபெக்‌ஷன் வருது, மாத்திரை கொடுத்தா போகுது, நிறுத்தினா வருது, ஏன்?" என்று ஒரு கூட்டம். "மாசாமாசம் ஆனல் கிளாண்டைப் பிதுக்கி எடுக்க வேண்டியிருக்கு, இதுக்கு முடிவே இல்லையா?" என்று இன்னொரு கூட்டம்.

நான் மருத்துவன் இல்லை, வரலாறு சொல்பவன். ஆனால் இந்த "ஏன் திரும்ப வருது?" என்ற கேள்விக்கே ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. கிருமியைக் கொன்றால் நோய் போய்விடும் என்று நம்பிய மருத்துவம், அந்தக் கிருமி அங்கே ஏன் குடியிருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொண்ட கதை அது.

நாய்க்கு வைத்தியம் எப்போது வந்தது?

உலகின் முதல் நவீனக் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் உருவானது. தொடங்கியவர் குளோத் பூர்ஷெலா. குதிரைகளைப் பற்றி நூல் எழுதியவர். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய்தான் அரசு பணம் கொடுத்ததற்கு முக்கியக் காரணம். கவனிங்க, குதிரை இருக்கு, மாடு இருக்கு, நாய் இல்லை. உழவுக்கும் போருக்கும் உதவுகிற விலங்குகளுக்குத்தான் அன்றைக்கு வைத்தியம். நம் சென்னை வேப்பேரியில் 1903-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தபோதும் பெரிய கவலை கால்நடைதான். பெயரே அதைச் சொல்கிறது, இல்லையா?

நாயை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதியவர்கள் மிகக் குறைவு. இங்கிலாந்தில் டெலபியர் பிளெய்ன் 1817-ல் நாய் நோய்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அவர் காலத்தில் கிருமி என்ற கருத்தே வரவில்லை. நாய் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தால் உடல் சூடு என்பார்கள். பின்புறத்தைத் தரையில் தேய்த்தால் வயிற்றில் பூச்சி என்பார்கள். இந்த இரண்டாவது நம்பிக்கை இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. தேய்க்கிற நாயைப் பார்த்ததும் பூச்சி மாத்திரை வாங்க ஓடுகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்காங்க. பல சமயம் காரணம் பூச்சி அல்ல, ஆசனவாயின் இரு பக்கமும், கடிகாரத்தில் 4 மணி, 8 மணி இருக்கிற இடத்தில் உள்ள இரண்டு சிறு பைகள். அவை அடைத்துக்கொண்டால் நாய் தேய்க்கும்.

கிருமியும் தோட்டாவும்

19-ம் நூற்றாண்டின் இறுதியில் எல்லாம் மாறியது. 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் காட்டினார். 1885-ல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர், கைக்குழந்தைகளின் மலத்தில் ஒரு கிருமியைக் கண்டு விவரித்தார். அதைத்தான் இன்று அவர் பெயராலேயே ஈ.கோலை என்கிறோம். மனிதனுக்கும் சரி, நாய்க்கும் சரி, சிறுநீர்த் தொற்றில் அதிகம் அகப்படுவது இந்தக் கிருமிதான். அது குடலின் குடிமகன். வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு வருகிற தூரம் ரொம்பக் குறைவு. அதிலும் பெண் நாய்க்கு மூத்திரக் குழாய் குட்டை.

சிறுநீருக்கென்றே வந்த முதல் கிருமிக்கொல்லிகளில் ஒன்று ஹெக்ஸமின். 1890-களில் ஜெர்மனியில் ஆர்தர் நிக்கோலையர் இதை 'யூரோட்ரோபின்' என்று அறிமுகப்படுத்தினார். இது வேலை செய்கிற விதம் விசித்திரம்: அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் இது உடைந்து ஃபார்மால்டிஹைடாக மாறும். பிணத்தைப் பதப்படுத்தப் பயன்படுத்துகிறோமே, அதே பொருள், மிகச் சிறிய அளவில், மூத்திரப்பைக்குள்ளேயே தயாராகிறது! இந்த மருந்தை மறந்துடாதீங்க, கடைசியில் திரும்பி வரும்.

அடுத்து 1935. பேயர் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் டோமாக், புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம் எலிகளைத் தொற்றிலிருந்து காப்பாற்றுவதை வெளியிட்டார். சல்ஃபா மருந்துகளின் காலம் தொடங்கியது. அவை சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால் நீர்க்கடுப்புக்குப் பொருத்தமாக இருந்தன. நாய்களுக்கும் வந்தன. ஆனால் நாய் என்பது நான்கு கால் உள்ள சின்ன மனிதன் இல்லை. சல்ஃபா கொடுத்த சில நாய்களுக்குக் கண்ணீர் வற்றிக் கண் உலர்ந்துபோனது. டோபர்மேன் இனத்துக்கு மூட்டு வீக்கம் போன்ற ஒவ்வாமைகள் அதிகம் தெரிந்தன. மனித மருந்தை அப்படியே எடுத்துக் கொடுப்பதன் விலை அப்போதுதான் புரிந்தது.

பிறகு மருந்துகள் வரிசையாக வந்தன. 1961-ல் ஆம்பிசிலின். 1962-ல் நாலிடிக்சிக் அமிலம். மலேரியா மருந்தான குளோரோகுயினைத் தயாரிக்கும்போது கிடைத்த ஒரு துணைப்பொருளிலிருந்து இது பிறந்தது. அதன் வழித்தோன்றலாக 1980-களில் என்ரோஃப்ளாக்சசின் வந்தது. விலங்குகளுக்கென்றே உருவாக்கப்பட்ட மருந்து. ஒரு வேளை மாத்திரை, பல கிருமிகள் காலி. நாய் வளர்ப்பவர்களுக்கும் நிம்மதி, மருத்துவர்களுக்கும் நிம்மதி.

ஆனால் நோய் திரும்ப வந்தது.

சாக்கடையில் கிடைத்த படிகம்

இங்கே ஒரு கிளைக்கதை. 1845, ஹாம்பர்க் நகரம். மூன்று ஆண்டுகளுக்கு முன் தீயில் எரிந்துபோன ஒரு தேவாலயத்தைத் திரும்பக் கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். பழங்காலச் சாண, மலக் குப்பைகள் புதைந்த இடம் அது. அதற்குள் பளபளவென்று படிகங்கள். கியார்க் உலெக்ஸ் என்ற வேதியியலாளர் அவற்றை ஆராய்ந்து, ஹைன்ரிஷ் வான் ஸ்ட்ரூவ என்பவரைக் கௌரவிக்கும் விதமாக 'ஸ்ட்ரூவைட்' என்று பெயர் வைத்தார். மக்னீசியம், அமோனியம், பாஸ்பேட் சேர்ந்தது. கழிவு அழுகும் இடத்தில் விளைகிற கல்.

அதே கல் நாயின் மூத்திரப்பையிலும் விளைகிறது. எப்படி? சில பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது சிறுநீரிலுள்ள யூரியாவை அமோனியாவாக உடைக்கும். சிறுநீர் காரத்தன்மை அடையும். காரத்தில் ஸ்ட்ரூவைட் படியும். (1926-ல் ஜேம்ஸ் சம்னர் முதன்முதலாகப் படிகமாக்கிக் காட்டிய நொதி இதே யூரியேஸ்தான். ஒரு அவரை வகையிலிருந்து எடுத்தார், 1946-ல் நோபல் பரிசு பெற்றார்.) நாய்களில் இந்த வேலையை அதிகம் செய்வது ஸ்டெஃபைலோகாக்கஸ் குடும்பத்துக் கிருமி. இன்னொரு பக்கம், கல் வளரும்போது கிருமியும் அதன் அடுக்குகளுக்குள் சிக்கிக்கொள்கிறது. வெளியில் இருக்கும் கிருமியை மாத்திரை கொல்லும். கல்லுக்குள் இருப்பது பத்திரமாக இருக்கும். மாத்திரை நின்றதும் வெளியே வரும்.

எங்கள் வீட்டு மீனுவுக்கு நடந்தது இதுதான். ஒன்பது வயது நாட்டு நாய். ஒரே வருடத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு, மூன்று முறை மாத்திரை. ஒவ்வொரு முறையும் ஐந்தாம் நாள் வாலாட்டும், இரண்டு மாதத்தில் மறுபடி வாசலில் குந்திக்கொண்டு ஒரு சொட்டுக்குத் தவிக்கும். நான்காவது முறை பார்த்த மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. முதலில் கல்ச்சர், பிறகு ஸ்கேன் என்றார். உள்ளே நெல்லிக்கொட்டை அளவில் ஒரு கல்.

அந்த மருத்துவர் கேட்ட கேள்விக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஆஸ்பார்ன். 1981-ல் அங்கே ஒரு கல் ஆய்வு மையம் தொடங்கினார். எங்கிருந்து கல் அனுப்பினாலும் பகுப்பாய்வு செய்து சொல்வார்கள். அவரும் அவர் குழுவும் காட்டிய பெரிய விஷயம், ஸ்ட்ரூவைட் கல்லைக் கத்தி இல்லாமலே கரைக்கலாம் என்பது. புரதம், பாஸ்பரஸ், மக்னீசியம் குறைந்த, சிறுநீரை அமிலமாக்கும் உணவு ஒரு பக்கம். கல் கரையக் கரைய வெளிவரும் கிருமிக்குப் பொருத்தமான மருந்து இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து, வாரக்கணக்கில். உணவு மட்டும் போதாது, மருந்து மட்டும் போதாது. எல்லாக் கல்லும் இப்படிக் கரையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கால்சியம் ஆக்சலேட் கல் கரைவதில்லை. அதனால்தான் கல்லின் வகை தெரிவது அவ்வளவு முக்கியம்.

கிருமி இருந்தால் நோயா?

இரண்டாவது திருப்பம் இன்னும் சுவாரசியம். 1956-ல் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1,00,000 கிருமிகளுக்கு மேல் இருந்தால் அது பொருட்படுத்தத்தக்கது. மனிதர்களுக்குச் சொன்ன அளவு அது. அங்கிருந்து ஒரு புதிய வகை கண்ணில் பட்டது: கிருமி நிறைய இருக்கும், நோயின் அறிகுறி ஒன்றும் இருக்காது.

நாய்களிலும் அப்படியே. வயதான நாய்கள், சர்க்கரை நோய் உள்ளவை, பின்கால் செயலிழந்தவை, இவற்றில் இப்படிப்பட்டவை பல. ஆசனவாய்ப் பைகளிலும் இதே பாடம். அறிகுறி இல்லாத நல்ல நாயின் பையிலிருந்து எடுத்த திரவத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலும் பாக்டீரியா இருக்கும். அதை மட்டும் வைத்து எது நோய், எது இயல்பு என்று பிரிக்க முடியவில்லை என்பதை ஆய்வுகள் காட்டின. அப்படியானால் அங்கே திரும்பத் திரும்ப அடைப்பு வருவது ஏன்? தோல் ஒவ்வாமை, உடல் பருமன், இளகிய மலம் என்று காரணம் வேறு எங்கோ இருக்கலாம். மாதாமாதம் பிதுக்கி எடுப்பது காரணத்தைத் தொடுவதே இல்லை. பையை அறுத்தே எடுத்துவிடலாம்தான். ஆனால் பக்கத்து நரம்பு பாதிக்கப்பட்டால் மலத்தை அடக்க முடியாமல் போகும் அபாயம் உண்டு. அது கடைசி வழி.

இதற்கிடையே கணக்குத் தீர்க்கிற நாள் வந்தது. 2000-களில், நாயின் தோலிலும் மூத்திரப்பையிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் கிருமியில், பென்சிலின் குடும்பத்தையே மதிக்காத வகைகள் பல நாடுகளில் பரவின. பல வேறு மருந்துகளும் அதனிடம் பலிக்கவில்லை. நம்மோடு சோபாவில் படுக்கும் நாய் அது. அதன் கிருமி நம் வீட்டுக் கிருமி. 2005-ல் அமெரிக்க அரசு கோழிப் பண்ணைகளில் என்ரோஃப்ளாக்சசினைத் தடை செய்ததும் இதே பயத்தில்தான்: கோழியில் பழகிய கிருமி மனிதனுக்கு வந்தால் மருந்து கேட்காது.

பின்வாங்கிய மருத்துவம்

2011-ல் செல்லப்பிராணிகளின் தொற்றுநோய்களுக்கான பன்னாட்டு அமைப்பு ஒன்று சிறுநீர்த் தொற்றுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. சாதாரணத் தொற்றுக்கு 7 முதல் 14 நாள் என்றது. அடுத்த ஆண்டே ஒரு ஆய்வு வந்தது: சாதாரணத் தொற்றுள்ள நாய்களில், உயர் அளவில் 3 நாள் கொடுத்த என்ரோஃப்ளாக்சசின், 14 நாள் கொடுத்த இன்னொரு மருந்துக்குக் குறைந்துபோகவில்லை. 2019-ல் நெறிகளைத் திருத்தியபோது 3 முதல் 5 நாள் போதும் என்றார்கள். அதற்காக என்ரோஃப்ளாக்சசினை முதல் மருந்தாகத் தூக்கவும் இல்லை, அதைச் சேமித்து வைக்கச் சொன்னார்கள். அறிகுறி இல்லாத கிருமிக்கு மருந்தே வேண்டாம் என்றார்கள். 6 மாதத்தில் இரண்டு முறை, அல்லது 12 மாதத்தில் மூன்று முறை வந்தால் அதைத் 'திரும்ப வரும் தொற்று' என்று பிரித்து, மாத்திரைக்கு முன் காரணம் தேடு என்றார்கள்.

ஒரு குழப்பம் வேண்டாம். நாட்களைக் குறைப்பது மருத்துவர் எடுக்கிற முடிவு. அவர் எழுதிய நாட்களை நாமாகக் குறைப்பதும், போன முறை மீந்த பட்டையைத் தேடிக் கொடுப்பதும் வேறு விஷயம்.

யூரோட்ரோபின் ஞாபகம் இருக்கா? ஆன்டிபயாடிக் வெள்ளத்தில் ஓரமாகப் போன அந்த 1890-களின் மருந்து மறுபடி பேசப்படுகிறது. ஃபார்மால்டிஹைடுக்குக் கிருமிகள் எளிதில் எதிர்ப்பு வளர்த்துக்கொள்வதில்லை என்பது காரணம். 2022-ல் பிரிட்டனில், அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம் நடந்த ஆய்வில், தடுப்புக்குத் தினமும் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குக்கு அது ஈடுகொடுத்தது. நாய்களுக்கும் சில மருத்துவர்கள் அதை யோசிக்கிறார்கள்.

ஆக, மடல் போட்ட நேயர்களுக்கு இந்த வரலாறு தருவது மூன்று கேள்விகள். இது அதே கிருமியா, புதுக் கிருமியா? கல்ச்சர் செய்தால்தான் தெரியும், அதற்கு ஊசி வழியாக நேராகப் பையிலிருந்து எடுத்த சிறுநீர் நல்லது. உள்ளே கல், கட்டி, சர்க்கரை, தோல் மடிப்பு ஏதாவது இருக்கா? அறிகுறி இல்லாதபோது எதற்காக மருந்து? இந்த மூன்றையும் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்க. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காத்திருக்காதீங்க: முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு சொட்டுகூட வராத நாய், அதிலும் ஆண் நாய், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடைப்பு சில நாட்களில் உயிரை எடுத்துவிடும்.

மீனுவின் கல் கரைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போதும் வருடத்துக்கு இரண்டு முறை சிறுநீர் சோதனைக்குப் போகிறோம்.

அடுத்த எபிசோடில் ஆம்பிசிலினின் பாட்டியைப் பற்றி, அதாவது பென்சிலினைப் பற்றிப் பேசுவோம். அதுவரை, வணக்கம்.