தொடரின் பெறுமதிமிக்க வீரர் (1996 உலகக் கிண்ணம்)

1996 துடுப்பாட்ட உலகக் கிண்ணத்தில் இலங்கையின் சனத் ஜயசூரியவுக்கு வழங்கப்பட்ட விருது. ஒரே அணிக்குள் எவருடைய பங்களிப்பு பெரிது என்ற கேள்வி இன்றுவரை இவ்விருதைத் தொடர்கிறது.

ஜயசூரிய எடுத்தவை 221 ஓட்டங்கள், 7 விக்கெட்டுகள். அதே அணியின் அரவிந்த டி சில்வாவோ 448 ஓட்டங்கள், சராசரி 89.60. அரையிறுதியில் முதல் ஓவரிலேயே இரு விக்கெட்டுகள் சரிந்தபின் இறங்கி 47 பந்துகளில் 66 ஓட்டங்கள் குவித்தார். மார்ச் 17இல் லாகூரில் நடந்த இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் 3 விக்கெட்டுகளும். இரண்டிலும் ஆட்டநாயகன் அவரே. அந்த இரு போட்டிகளிலும் ஜயசூரியவின் ஓட்டங்கள் 1, 9.

கூட்டுத்தொகை மட்டுமே அளவுகோலானால் அரவிந்தவே முதலிடம். ஆனால் ஜயசூரிய 100 பந்துகளுக்கு ஏறத்தாழ 131 ஓட்டங்கள் என்ற வேகத்தில் ஆடினார். அன்றைய ஒருநாள் ஆட்டத்தில் அது கேள்விப்படாத வேகம். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 44 பந்துகளில் 82. அரையிறுதியில் இந்தியாவின் டெண்டுல்கரை வீழ்த்திய பந்தும் அவருடையது. முதல் 15 ஓவர்களை ஆடும் முறையையே மாற்றியவர் என்ற வகையில் அவர் தெரிவு நியாயமானது. எனினும், கிண்ணத்தை வென்று தந்த ஆட்டம் அரவிந்தவினுடையது.

பேஸ்போலில் இத்தகைய வழக்கைத் தீர்க்க, ஒரு வீரருக்குப் பதிலாக எளிதில் கிடைக்கும் சாதாரண வீரர் ஆடியிருந்தால் அணி எத்தனை வெற்றிகளை இழந்திருக்கும் எனப் பருவம் முழுமைக்கும் கணிக்கிறார்கள். அங்கே ஒரு பருவம் 162 ஆட்டங்கள். இலங்கை அன்று ஆடியவை ஆறே; அத்தகைய கணிப்புக்கு அது போதாது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்திருந்ததால் அவற்றுடனான ஆட்டங்கள் நடைபெறவில்லை.