உறைமழையும் மூடிய வீடும்: 1998 பனிப்புயல் விட்டுச்சென்ற பாடம்

கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் நீண்டகாலமாக வாழ்ந்துவருபவர்களிடம் 1998 ஜனவரி மாதத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ஏறக்குறைய அனைவரிடமும் சொல்வதற்கு ஒரு கதை இருக்கும். அந்த மாதத்தின் 5 ஆம் திகதி தொடங்கி ஐந்து நாட்களாக விட்டுவிட்டுப் பெய்த மழை, நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான மொன்றியலை இருளில் மூழ்கடித்தது. வந்தது வழமையான பனிப்பொழிவு அல்ல. மெக்சிக்கோ வளைகுடாவில் இருந்து வந்த வெப்பமான ஈரக்காற்று மேலே பரவ, சென் லோறன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தேங்கிநின்ற கடுங்குளிர்க் காற்று கீழே அசையாமல் இருந்தது. மேலே நீராகப் பிறந்த துளிகள் கீழே வந்து தொட்ட இடத்திலேயே பனிக்கட்டியாக உறைந்தன. உறைமழை என்று இதனைச் சொல்லலாம். அந்தப் பிராந்தியத்தில் ஒரு வருடம் முழுவதிலும் 45 முதல் 65 மணித்தியாலங்கள் வரை காணப்படும் உறைமழை, அந்தச் சில நாட்களிலேயே 80 மணித்தியாலங்களுக்கும் அதிகமாகப் பெய்தது. மொன்றியலில் அதன் அளவு சுமார் 100 மில்லிமீற்றர்.

மரக்கிளைகளும் மின்கம்பிகளும் தங்களுடைய நிறையைப் போன்று பலமடங்கு பனிக்கட்டியைச் சுமந்து முறிந்து வீழ்ந்தன. 130 பெரிய மின்கடத்தல் கோபுரங்களும் சுமார் 30,000 மரக் கம்பங்களும் சரிந்தன. ஒரு கோபுரம் சாய்ந்தபோது அது தனக்கு அடுத்திருந்ததையும் இழுத்துக்கொண்டு வீழ்ந்தது. 40 இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் மின்சாரத்தை இழந்தனர். சுமார் 6 இலட்சம் பேர் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. 16,000 வரையான படையினர் உதவிப் பணிகளில் ஈடுபடுத்தப்பட்டனர். ஜனவரி 9 வெள்ளிக்கிழமை, மொன்றியலுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஐந்து பாதைகளில் ஒன்று மாத்திரமே எஞ்சியிருந்தது. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் மின்னை இழந்தன. நகரின் தெற்கே சென் ஹியாசின்ற், கிறன்பி, சென் ஜோன் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியை மக்கள் 'கறுப்பு முக்கோணம்' என்று அழைத்தனர். அங்கு சில வீடுகளுக்கு மின்சாரம் மீண்டும் கிடைப்பதற்கு ஒரு மாதத்துக்கும் மேலானது. புஷர்வில் என்ற சிறுநகரில் புகையிரத எஞ்சின் ஒன்றைத் தண்டவாளத்தில் இருந்து இறக்கி, வீதி வழியாக ஓட்டிவந்து, அதன் மூலம் நகரசபைக் கட்டிடத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்திப் பிரிவில் சர்வதேசச் செய்திகளைத் தமிழில் எழுதும் மேசையில் இருந்தேன். செய்தி நிறுவனங்கள் அனுப்பிய தகவல்களில் கோபுரங்களும் படையினரும் கியூபெக் முதலமைச்சர் லூசியன் புஷாரின் அறிவிப்புகளும் நிறைய இருந்தன. ஆனால், ஒரு குடும்பம் அந்த வீட்டுக்குள் எவ்வாறு உயிர்தப்பி இருந்தது என்பது பற்றி மிகவும் குறைவாகவே சொல்லப்பட்டது. வருடக்கணக்கில் இந்த விவகாரத்தைத் தொடர்ந்து வாசித்துவந்த எனக்கு, அந்தப் புயலின் உண்மையான வரலாறு கோபுரங்களின் வரலாறு அல்ல, வீடுகளின் வரலாறே என்று தோன்றுகிறது.

கியூபெக் நீர்மின்சாரத்தில் செழித்த மாகாணம். ஹைட்ரோ கியூபெக் நிறுவனம் வழங்கிய மலிவான மின்சாரத்தை நம்பி 1970 களுக்குப் பின்னர் பெரும்பாலான வீடுகள் மின் ஹீற்றர்களுக்கு மாறின. விறகு அடுப்புகளும் எண்ணெய் உலைகளும் படிப்படியாக மறைந்தன. எனவே மின்சாரம் நின்றபோது விளக்கு மாத்திரம் அணையவில்லை. வெப்பமும் சமையலும் சுடுநீரும் ஒரே கணத்தில் நின்றுபோயின. ஒரு குடும்பத்தின் சகல தேவைகளும் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததை அந்த வாரத்தில்தான் பலர் கண்டுகொண்டார்கள். பழைய விறகு அடுப்பை அகற்றாமல் வைத்திருந்த வீடுகள் அயலவர்களின் புகலிடங்களாக மாறின.

எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் ரொறன்ரோவாசிகள் தாங்கள் இதிலிருந்து தப்பியவர்கள் என்று நினைப்பதுண்டு. அது சரியல்ல. எரிவாயு உலையின் காற்றாடியும் அதனைக் கட்டுப்படுத்தும் கருவியும் மின்சாரத்திலேயே இயங்குகின்றன. 2013 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் ரொறன்ரோவை உறைமழை தாக்கியபோது சுமார் 3 இலட்சம் மின்பாவனையாளர்கள் இருளில் மூழ்கினர். எமது மக்கள் செறிந்துவாழும் ஸ்காபரோவும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. நத்தார் தினத்தன்றும் பல்லாயிரம் வீடுகளுக்கு மின்சாரம் வரவில்லை. குழாயில் எரிவாயு இருந்தும் வீடுகள் குளிர்ந்துபோயின.

இங்கே எமது மக்களைப் பற்றி ஒரு விடயத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. மின்சாரம் இல்லாமல் வாழ்வது எப்படி என்பதை இலங்கையின் வடபுலத் தமிழர்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையினால் பற்றரிகளும் எரிபொருளும் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த நாங்கள் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் எரிந்த வெளிச்சத்தில் படித்தோம். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஒரு சொட்டு எண்ணெயையும் வீணாக்காத அந்தச் சிக்கனத்தை ஒரு தலைமுறையே கற்றுத் தேர்ந்தது. அந்தத் தலைமுறையினரில் பலர் இன்று குளிர்நாடுகளில் வாழ்கிறார்கள்.

ஆனால், அந்த அறிவில் ஒரு பகுதி குளிர்நாட்டு வீட்டில் ஆபத்தானது. யாழ்ப்பாணத்து வீடு காற்றை உள்ளே விடுவதற்காகக் கட்டப்பட்டது. ஓட்டுக்கூரை, முற்றம், வீட்டுடன் ஒட்டாமல் தள்ளி நிற்கும் குசினி ஆகியவற்றில் புகை தானாகவே வெளியேறிவிடும். குளிர்நாட்டு வீடு காற்றை உள்ளே விடாமல் தடுப்பதற்காகக் கட்டப்பட்டது. அதற்குள் கரி அடுப்பையோ, எரிவாயு பார்பிக்கியூ அடுப்பையோ, ஜெனரேற்றரையோ கொண்டுவந்தால் காபனோரொட்சைட்டு என்ற வாயு அறையை நிரப்பிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் உள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான நாட்டத்துடன் அது இணைந்துகொள்கிறது. தலையிடி, ஓங்காளம், சோர்வு என்று தடிமன் காய்ச்சலைப் போன்றே தொடங்கும். களைப்பில் படுப்பவர் மீண்டும் எழும்புவதில்லை. நெருப்பு எரியும்போது புகை தெரியாவிட்டால் ஆபத்து இல்லை என்பது எமது பழைய குசினி அனுபவம். மூடிய வீட்டில் அந்த அனுபவம் கைகொடுக்காது.

1998 புயலில் கனடாவில் 25 பேருக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். குளிரில் விறைத்து இறந்தவர்களுடன், வெப்பம் தேடி வீட்டுக்குள் கொண்டுவந்த கருவிகளின் நச்சுவாயுவினால் இறந்தவர்களும் அவர்களில் அடங்குவர். 2013 டிசம்பரில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே நியூகாசிலில் இருவர் ஜெனரேற்றரின் வாயுவினால் இறந்தனர். 2023 ஏப்ரல் 5 ஆம் திகதி கியூபெக்கை மீண்டும் ஓர் உறைமழை தாக்கி 11 இலட்சம் மின்பாவனையாளர்களைப் பாதித்தபோதும் இதே காரணத்தினால் பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கால் நூற்றாண்டுக்குப் பின்னரும் இந்தப் பாடம் எல்லா வீடுகளையும் சென்றடையவில்லை.

ஏன் சென்றடையவில்லை என்ற கேள்விக்கு அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்தின் அனுபவம் ஒரு பதிலைத் தருகிறது. 1993 ஜனவரியில் அங்கு வீசிய புயலின்போது வீட்டுக்குள் கரி எரித்து நச்சுவாயுவுக்கு உள்ளானவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலம் பேசாத குடியேறிகளின் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பது தெரியவந்தது. கரிப் பைகளில் எச்சரிக்கை இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. பின்னர் அந்தப் பைகளில் மொழி தெரியாதவர்களும் புரிந்துகொள்ளும் படக்குறி இடம்பெறவேண்டும் என்று அமெரிக்காவில் விதிக்கப்பட்டது. 2006 டிசம்பரில் அதே மாநிலத்தில் மீண்டும் பெரும்புயல் வீசியது. மின்சாரமின்றி இருந்த குடியேறிகளின் வீடுகளில் அதே மரணங்கள் தொடர்ந்தபோது, 'சியற்றில் ரைம்ஸ்' பத்திரிகை தனது முதற்பக்கத்தில் அந்த எச்சரிக்கையைப் பல மொழிகளில் அச்சிட்டது. ஓர் ஆங்கிலப் பத்திரிகை தனது வாசகர்கள் அல்லாதவர்களுக்காக முதற்பக்கத்தை ஒதுக்கிய அந்தச் செயலை, பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருப்பவன் என்ற முறையில் நான் மிகவும் மதிக்கிறேன். எச்சரிக்கை என்பது அதனைக் கேட்கவேண்டியவரின் மொழியில் சொல்லப்படும்போதுதான் எச்சரிக்கையாகிறது.

1998 க்குப் பின்னர் கியூபெக் தனது மின்கட்டமைப்பைப் பலப்படுத்தியது. றொஜே நிக்கோலே தலைமையிலான ஆணைக்குழு 1999 இல் தனது அறிக்கையைச் சமர்ப்பித்தது. ஒரு கோபுரம் வீழ்ந்தால் ஏனையவை தொடர்ந்து வீழாமல் தடுக்கும் வலுவான கோபுரங்கள் இடையிடையே நிறுத்தப்பட்டன. 2001 இல் இயற்றப்பட்ட குடிசார் பாதுகாப்புச் சட்டம், அனர்த்தங்களைப் பொறுத்தவரை ஒவ்வொருவரும் முன்யோசனையுடன் நடந்துகொள்ள வேண்டும் என்று கூறியது. ஒன்ராறியோவில் 2014 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள், எரிபொருள் கருவியோ வீட்டுடன் இணைந்த கராஜோ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி பொருத்தப்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. முதல் 72 மணித்தியாலங்களை வெளியுதவி இன்றிச் சமாளிப்பதற்கு ஒவ்வொரு குடும்பமும் தயாராக இருக்கவேண்டும் என்பது கனேடிய அரசாங்கத்தின் ஆலோசனை.

அந்த மூன்று நாட்களுக்கான ஆயத்தம் பெரிய செலவுபிடிக்கும் காரியம் அல்ல. புயல் எச்சரிக்கை வந்ததுமே குடிநீரை நிரப்பிவைக்க வேண்டும். அடுக்குமாடிகளில் மின்சாரம் நின்றால் நீரிறைக்கும் பம்பிகளும் மின்தூக்கியும் நின்றுவிடும் என்பதால் மேல்மாடிகளில் வாழும் முதியவர்களுக்கு இது மிகவும் முக்கியம். சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, மருந்துகள், ரோர்ச், பற்றரியில் இயங்கும் வானொலி, மாற்றுப் பற்றரிகள் ஆகியவை ஓரிடத்தில் இருக்கவேண்டும். கைத்தொலைபேசியை முன்கூட்டியே சார்ஜ் செய்துகொள்ளலாம். மின்சாரம் நின்ற பிறகு முழுக் குடும்பமும் ஒரே அறையில் கூடி, கதவுகளை அடைத்து, இடைவெளிகளில் துணிகளைச் செருகி, உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொள்வது உடல் வெப்பத்தைப் பாதுகாக்கும். தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்கப் பைப்பைச் சிறிதளவு திறந்து நீரை ஒழுகவிடலாம். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் உணவு 4 மணித்தியாலங்களுக்கும், நிறைந்திருக்கும் உறைபெட்டியில் 48 மணித்தியாலங்கள் வரையும் பழுதடையாமல் இருக்கும். மெழுகுதிரியைவிட ரோர்ச் பாதுகாப்பானது.

செய்யக்கூடாதவை இவற்றைவிட முக்கியமானவை. கரி அடுப்பும் பார்பிக்கியூவும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வரக்கூடாது. யன்னலைச் சற்றுத் திறந்துவைப்பது போதுமான பாதுகாப்பு அல்ல. ஜெனரேற்றர் வெளியே, கதவு யன்னல்களில் இருந்து குறைந்தது 6 மீற்றர் தூரத்தில் இயங்கவேண்டும். கராஜுக்குள் காரை இயக்கிவிட்டுச் சூடு காயக்கூடாது. சமையலறை எரிவாயு அடுப்பை அறையைச் சூடாக்கப் பயன்படுத்தக்கூடாது. எச்சரிக்கைக் கருவி பற்றரியிலும் இயங்குகிறதா என்பதை இன்றே பார்த்துவிட வேண்டும். வீடு தாங்கமுடியாத அளவுக்குக் குளிர்ந்தால் பிடிவாதமாக உள்ளே இருக்காமல் உறவினர் வீட்டுக்கோ பொதுப் புகலிடத்துக்கோ செல்வதே புத்திசாலித்தனம். இடம்பெயர்ந்து பழகிய எமது சமூகத்துக்கு இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

அண்மையில் ஊரிலிருந்து பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த தாய் தந்தையர் பலர் பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். ஆங்கில, பிரெஞ்சு அறிவிப்புகள் அவர்களைச் சென்றடைவதில்லை. விறகிலும் கரியிலும் நாற்பது, ஐம்பது வருடங்கள் சமைத்த கைகள், வீடு குளிரும்போது முதலில் நெருப்பைத்தான் தேடும். இவ்வருடக் குளிர்காலம் தொடங்குவதற்கு முன்னர் அவர்களுடன் ஒரு மணித்தியாலம் அமர்ந்து, எது எங்கே இருக்கிறது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்லிவிடுவது பிள்ளைகளின் கடமை. அரசாங்கங்களோ மின்சார நிறுவனங்களோ அவர்களுக்காக அதைச் செய்யப்போவதில்லை.