சுருளி வழக்கும் பாலியல் வன்கொடுமைக்குப் பிந்தைய உதவியின் சட்ட வரலாறும்

முன்னுரை

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் மருத்துவ உதவி பெற முதலில் காவல் நிலையம் செல்ல வேண்டும் என்னும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அது மாறிய வரலாற்றையும், அவ்வரலாற்றில் கம்பம் பள்ளத்தாக்கின் சுருளி வழக்கு பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்ட மாற்றங்கள்

2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்திற்குள் பாதிக்கப்பட்டவரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றும், அவரது இசைவின்றிப் பரிசோதிக்கக் கூடாது என்றும் அது விதித்தது. 2012 தில்லிக் கொடுமைக்குப் பின், 2013இல் 357சி பிரிவு வந்தது. அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் உடனடியாகக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும். மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். காவல்துறையின் கோரிக்கைக் கடிதம் இல்லாமலேயே பரிசோதனை செய்யலாம் என 2014இல் மைய நலவாழ்வு அமைச்சகத்தின் நெறிமுறைகள் தெளிவுபடுத்தின. இருவிரல் பரிசோதனைக்குத் தடை விதிக்குமாறு 2022 ஏப்ரலில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தமிழக அரசுக்கு உத்தரவிட்டது.

சுருளி வழக்கு

2011 மே மாதம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளைஞரும் இளம்பெண்ணும் கொலையுண்டனர். அப்பெண் வன்கொடுமைக்கும் ஆளாக்கப்பட்டார் என்பது அரசுத்தரப்பின் கூற்று. 2018இல் தேனி நீதிமன்றம் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் மதுரைக் கிளை அதனை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்சநீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. உடற்கூறாய்வில் எடுக்கப்பட்ட மாதிரிகள் ஆய்வகம் சென்றடைந்ததில் விளக்கப்படாத காலதாமதம் இருந்தது. அவை யார் யார் கைமாறின என்பதும் நிறுவப்படவில்லை. ஆதலால் மரபணுச் சான்று ஏற்கப்படவில்லை. பிற சான்றுகளும் போதவில்லை. ஒருவர் தூக்குக்கயிற்றின் நிழலில் ஆண்டுகளைக் கழித்தார். இறந்தோர்க்கும் நீதி கிட்டவில்லை.

மாதிரிகளை 48 மணி நேரத்திற்குள் தடய அறிவியல் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், கைமாறும் ஒவ்வொரு நிலையையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்னும் நெறிகளை அத்தீர்ப்பு நாடு முழுமைக்கும் வகுத்தது.

பள்ளத்தாக்கின் சூழல்

கம்பத்திலிருந்து கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல மாவட்டத் தலைநகரையும் கடந்தாக வேண்டும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் செல்லும் பெண்கள் மாநில எல்லையைக் கடந்து உழைக்கின்றனர். அங்குக் குற்றம் நிகழ்ந்தால் எந்தக் காவல் நிலையத்தின் எல்லை என்னும் வினா எழும். குற்றம் நிகழ்ந்த இடம் எதுவாயினும் புகாரைப் பதியலாம் என்பதை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டியிருப்பதால், எல்லை வினாவில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பே.

முடிவுரை

சிகிச்சையும் சான்று சேகரிப்பும் ஒரே மருத்துவமனை அறையில் தொடங்குகின்றன. உயிரோடிருப்பவர்க்கு முதலில் வேண்டுவது சிகிச்சையும் ஆறுதலும். அவற்றோடு முறையாகக் காக்கப்பட்ட மாதிரியும் அவருக்குரிய உதவியே என்பதைச் சுருளி வழக்கு உணர்த்துகிறது.