மீண்டும் ஒரு கைநாட்டு

2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவண் அரசு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பிரதமரின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் என்பது அதன் பெயர். ஆறு கோடிச் சிற்றூர்க் குடும்பங்களில், குடும்பத்துக்கு ஒருவர் வீதம், கணினியையும் கைப்பேசியையும் இயக்கக் கற்றுத்தருவது நோக்கம். 2024 மார்ச்சில் திட்டம் நிறைவுற்றபோது ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றிருந்தனர். எண்ணிக்கையில் மலைக்கவைக்கும் முயற்சிதான். ஆனால் அதன் விதிகளில் ஒரு சிறு வரி உண்டு: பயில்வோரின் வயது 14 முதல் 60 வரை. அறுபதைக் கடந்தவருக்கு அந்த வகுப்பில் இடமில்லை.

இந்த ஒற்றை வரி எங்கிருந்து வந்தது, அது முதியோர் இல்லங்களில் வாழ்வோரை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதையே இக்கட்டுரையில் பார்க்க முயல்கிறோம். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை, தாம்பரம் என நீளும் தென்சென்னைப் புறநகரில் வாழும் நமக்கு இது ஏட்டளவுக் கேள்வி அன்று. சனீசுவரர் சன்னிதியால் வட திருநள்ளாறு என்று பெயர்பெற்ற அகத்தீசுவரர் கோயிலுக்கு வருவோரால்தான் பொழிச்சலூரை வெளியூரார் அறிவர். உள்ளூராருக்கோ இது விமான நிலையத்தின் அண்டை ஊர். பிள்ளைகளை அயல்நாட்டுக்கு வழியனுப்பிவிட்டு முதுமையைக் கழிக்கும் பெற்றோர் நிறைந்த வட்டாரம். அவர்களுள் ஒரு பகுதியினர் இவ்வட்டார முதியோர் இல்லங்களில் வாழ்கின்றனர்.

கல்விக்கு மேல்வயது வரம்பு விதிக்கும் வழக்கம் கணினியோடு தொடங்கியதன்று. 1988 மே மாதம் தொடங்கப்பெற்ற தேசிய எழுத்தறிவு இயக்கம் எட்டுக் கோடிப் பேரை எழுத்தறிவுடையோராக்க உறுதிபூண்டது. அது குறிவைத்தது 15 முதல் 35 வரையிலான வயதினரை மட்டுமே. காரணம் வெளிப்படையானது. உழைக்கும் வயதினர் எழுத்தறிவு பெற்றால் உற்பத்தி பெருகும். இளந்தாய் கற்றால் குழந்தை பள்ளிக்குச் செல்லும். கல்வியை முதலீடாகக் காணும் கண்ணுக்கு முதியவர் பயன்தராத கணக்காகவே தெரிவார்.

களத்தில் நடந்தது வேறு. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வேகங்கொண்டது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அங்கே பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் ஓட்டக் கற்றதை நம்மில் பலர் அறிவோம். கல்குவாரிப் பெண்ணுக்கும் வயற்காட்டுப் பெண்ணுக்கும் அரிச்சுவடியோடு மிதிவண்டியும் வேண்டியிருந்தது; இயக்கம் அதைப் பாடமாக ஏற்றுக்கொண்டது. கற்பவரின் தேவையிலிருந்து பாடத்தை வகுத்துக்கொள்ளும் இந்தத் துணிவு அறிவொளி விட்டுச்சென்ற செல்வம். கைநாட்டு வைப்பதிலிருந்து விடுதலை என்பது அவ்வியக்கத்தின் உயிர்நாடி. தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திடுவது கல்வியின் முதற்படியாகவும் தன்மானத்தின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

மேலைநாடுகளில் முதியோர் கல்வி வேறொரு வழியில் வளர்ந்தது. 1973இல் பிரான்சின் துலூசு நகரில் பியேர் வெல்லாஸ் என்னும் பேராசிரியர் 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்ற ஒன்றைத் தொடங்கினார். இளமை, உழைப்பு ஆகிய இரு பருவங்களுக்குப் பின்வரும் மூன்றாம் பருவமும் கற்பதற்கு உரியது என்பது அதன் அடிப்படை. 1981இல் இக்கருத்து கேம்பிரிட்ஜை அடைந்தபோது உருமாறியது. அங்கே பல்கலைக்கழக ஆசிரியர் முதியோருக்குக் கற்பிக்கவில்லை. முதியோரே ஒருவருக்கொருவர் ஆசிரியராயினர். 1986இல் சான்பிரான்சிஸ்கோவில் மேரி ஃபர்லாங் தொடங்கிய 'சீனியர்நெட்' இம்மரபைக் கணினிக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்கு வீடு கணினி என்பது அமெரிக்காவிலேயே கனவாயிருந்த காலம் அது.

நம் பக்கத்து நிலைமை என்ன? சென்னையின் தெற்கே, பாலவாக்கத்தில், சாவித்திரி வைத்தி 1978இல் ஆதரவற்ற முதிய பெண்களுக்காக 'விஸ்ராந்தி' இல்லத்தைத் தொடங்கினார். ஹெல்ப்பேஜ் இந்தியா தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான். அக்காலத்தில் முதியோர் இல்லம் என்றால் சோறும் கூரையும் மருந்தும். கல்வி அதன் கணக்கில் வரவில்லை. வர நியாயமும் இல்லை. பிள்ளைகள் கடல்கடந்து சென்ற பிறகு, கட்டணம் செலுத்தித் தங்கும் இல்லங்கள் புறநகரில் பெருகின. நீலநிற ஏரோகிராம் கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்திருந்தவர்கள், பின்னர் எஸ்.டி.டி. கூண்டுகளில் மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடி பேசினார்கள். 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. கடிதம் மின்னஞ்சலாயிற்று. 'அம்மாவுக்கு மெயில் பார்க்கத் தெரிந்தால் நன்றாயிருக்கும்' என்ற பிள்ளைகளின் ஆசையே இங்கு முதியோர் கணினிக் கல்விக்கு வித்து எனலாம்.

அந்தத் தலைமுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுள் கணிசமானோருக்கு விசைப்பலகை புதிதன்று. தெருவுக்குத் தெரு தட்டச்சு நிலையங்கள் இருந்த காலத்தில் 'லோயர்', 'ஹையர்' தேர்வுகள் எழுதி, அந்தத் தகுதியால் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் ரயில்வேயிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஏ, எஸ், டி, எஃப் என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பழகிய விரல்கள் எண்பது வயதிலும் தம் இடத்தை மறப்பதில்லை. அவர்களைத் திகைக்க வைத்தது சுட்டி என்னும் 'எலி'தான். கை மேசையில் நகர, அம்பு திரையில் நகர்வதை மூளை ஒப்புக்கொள்ள நாள்பிடித்தது. 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 இல் சீட்டாட்டத்தைச் சேர்த்ததற்கு, சுட்டியால் பிடித்து இழுக்கும் பழக்கத்தைப் பயனரிடம் ஏற்படுத்துவதும் ஒரு காரணம் என்பர். அமெரிக்க மேலாளருக்குப் பயன்பட்ட அந்த உபாயம் நம் ஊர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தருக்கும் நன்றாகவே பயன்பட்டது.

அடுத்த தடை தமிழ். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு, தமிழ்99 என்னும் விசைப்பலகைக்கு வழிவகுத்தது. ஆயினும் எழுத்துருக் குறியீடுகள் பலவாகக் கிடந்தன. ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றவர் திரையில் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் வந்து விழுந்த காலத்தை இணையத்தில் எழுதிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இளைஞருக்கு அது எரிச்சல். முதியவருக்கோ 'இது நமக்கானது இல்லை' என்று ஒதுங்கிக்கொள்ளப் போதுமான காரணம். ஒருங்குறி பரவிய பின்னரே இத்தொல்லை தீர்ந்தது. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய இலவச மென்பொருள்கள் தமிழ் உள்ளீட்டை எளிதாக்கின. பின்னது பழைய தட்டச்சுப் பொறியின் முறையையும் ஒரு தெரிவாக வைத்திருந்தது. தமிழ்த் தட்டச்சு கற்றிருந்த பெரியவர் புதிதாக எதையும் கற்காமலேயே திரையில் தமிழ் எழுதலாம். முதிய விரல்களை மதித்த மென்பொருள் என்று அதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

இதுவரை சொன்ன காலம் முழுவதிலும் கணினி முதியோருக்கு விருப்பப்பாடம். கற்றால் மகிழ்ச்சி, கற்காவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை. இந்நிலை 2014 நவம்பரில் மாறத் தொடங்கியது. ஓய்வூதியர் உயிரோடிருப்பதை இணையவழி மெய்ப்பிக்கும் 'ஜீவன் பிரமாண்' அம்மாதம் அறிமுகமாயிற்று. 2016இல் யு.பி.ஐ. வந்தது, அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பு நீக்கமும் வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. இல்லங்களின் வாயிற்கதவுகள் பார்வையாளர்க்கு அடைபட்டபோது, பிள்ளையின் முகத்தைக் காணக் கைப்பேசித் திரை ஒன்றே வழியாயிற்று. விருப்பப்பாடம் கட்டாயப்பாடமாகிவிட்டது, ஆனால் வகுப்பறையின் வயது வரம்பு அப்படியே இருந்தது.

விளைவை மாணவர்களோடு பொழிச்சலூர்ப் பகுதி இல்லங்களுக்குச் சென்றபோது கண்டோம். ஆயுள் முழுதும் கையெழுத்திட்டு வாழ்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள்: பள்ளித் தலைமையாசிரியர், வங்கிக் காசாளர், அஞ்சலக ஊழியர். கைப்பேசிக்கு ஓ.டி.பி. எனும் ஒருமுறைக் கடவு எண் வந்தால், கண்ணாடியைத் தேடுவதற்குள் நேரம் கடந்துவிடும் என்பதால் கைப்பேசியையே பணியாளரிடம் நீட்டிவிடுகிறார்கள். வங்கிக் கடவுச்சொல் மகனிடம். மின்னஞ்சல் மருமகளிடம். யாரும் தவறிழைக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலோர் அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் ஓ.டி.பி. என்பது இக்காலத்துக் கையெழுத்து. அதைப் பிறரைப் படிக்கச் சொல்லிப் பிறரையே இடச் சொல்வது, 'நீயே போட்டுவிடு' என்று பத்திரத்தில் பெருவிரலை நீட்டுவதற்கு ஒப்பானது. ஜீவன் பிரமாண் கருவியோ உண்மையிலேயே கைரேகையைத்தான் கேட்டது. முதுமையில் தேய்ந்த ரேகையை அது ஏற்காமல் திருப்பியனுப்பிய நிகழ்வுகள் மிகப் பல. 2021 நவம்பரில்தான் முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி வந்தது. அறிவொளி எந்தக் கைநாட்டை ஒழிக்கப் புறப்பட்டதோ, அதே கைநாட்டு, எழுதப்படிக்கத் தெரிந்தவர்களிடமே திரும்பி வந்திருக்கிறது.

இது விதி அன்று என்பதற்குச் சான்று அண்டை மாநிலத்தில் உண்டு. 2018இல் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த 96 வயதுக் கார்த்தியாயினி அம்மா, கேரள எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். அடுத்துக் கணினி கற்க விருப்பம் என்றார். மாநிலக் கல்வியமைச்சர் சி. ரவீந்திரநாத் நேரில் சென்று மடிக்கணினி ஒன்றை அளித்தார். 2023இல், 101 வயதில், அவர் மறைந்தார். அவரைத் தனியொரு வியப்பாகக் கொண்டு கடந்துவிட வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி, வேலையுறுதித் திட்டப் பணியிடங்களிலும் குடும்பஸ்ரீ கூட்டங்களிலும் கைப்பேசிப் பாடம் நடத்தி, 2022இல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகக் கேரள மாநிலம் முழுவதும் 2025 ஆகஸ்டு 21 அன்று அத்தகுதியை அறிவித்துக்கொண்டது. கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட சுமார் 21.88 இலட்சம் பேரில் ஏறத்தாழ அனைவரும் பயிற்சி பெற்றனர். தொண்ணூறைக் கடந்தோர் மட்டும் பதினையாயிரத்துக்கு மேல். வயதின் மேல்வரம்பை எடுத்துவிட்டதே அங்கு செய்த முக்கியமான காரியம். பிறகு தன்னார்வலர்கள் வீட்டுத் திண்ணைக்கே சென்றார்கள்.

கற்பிக்கும் முறையில் மந்திரம் ஒன்றுமில்லை. முதுமையில் விரல்நுனி உலர்வதால் தொடுதிரை எளிதில் உணர்வதில்லை. நடுங்கும் விரல் ஒரு முறை தொடுவது இரு முறையாகப் பதிவாகிறது. எழுத்தளவைப் பெரிதாக்குவதும், தொடுவதற்கும் அழுத்திப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பழக்குவதுமே முதல் இரண்டு பாடங்கள். படிகளைக் குறிப்பேட்டில் தம் கையாலேயே எழுதிக்கொள்ளச் சொன்னால் மனத்தில் தங்குகிறது. ஆசிரியர் அவசரப்பட்டுத் தாமே விரலை நீட்டித் தொட்டுவிடக் கூடாது. மாணவர்கள் கற்றுக்கொள்ளச் சிரமப்பட்டது இதைத்தான். 'தப்பாக அழுத்தினால் கெட்டுப்போய்விடுமா' என்ற அச்சம் நீங்கினால் பாதிப் பாடம் முடிந்தது. ஒருவர் கற்றுவிட்டால் அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு அவரே ஆசிரியர். கேம்பிரிட்ஜ் கண்ட வழி இங்கும் செல்லுபடியாகிறது.

மறுக்கக் கற்பிப்பதும் பாடத்தில் சேர வேண்டும். காவல்துறை பேசுகிறோம் என்று மிரட்டி, காணொளி அழைப்பிலேயே 'கைது' செய்து பணம் பறிக்கும் மோசடி குறித்துப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் எச்சரித்தார். அத்தகைய கைது என்று சட்டத்தில் ஒன்றுமில்லை என்பதையும், இழப்பு நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதையும் சொல்லித்தராமல் கைப்பேசியை மட்டும் பழக்குவது, கதவைத் திறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத் தாழிடக் கற்றுக்கொடுக்காததைப் போன்றது.

சட்டம் ஒருவாறு வழிக்கு வந்திருக்கிறது. 2022இல் தொடங்கிய புதிய இந்திய எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் என்கிறது. மேல்வரம்பு இல்லை, டிஜிட்டல் எழுத்தறிவும் அதில் அடக்கம். 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் கூறு என்று தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு தானாக நடந்து பொழிச்சலூர் இல்லத்துக்கு வந்து சேராது. இவ்வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டமும் இருக்கிறது. இல்லம் ஒன்றுக்கு வாரம் ஒரு மணி நேரம், அதே இரு மாணவர்கள், ஓராண்டு தொடர்ந்து சென்றால் போதும். ஒருநாள் முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்துத் திரும்புவதால் பயனில்லை. முதியவர் கேட்பது அதே பாடத்தை ஏழாவது முறையும் முகம் சுளிக்காமல் சொல்லித்தரும் ஒருவரை. அந்த ஏழாவது முறையில் அவர் தம் கடவு எண்ணைத் தாமே படித்துத் தாமே இடுவார்.